ஆடு செத்தால் காரணம் கேட்கிறோம், அப்பா செத்தால்?

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் எங்கள் பட்டியில் இரண்டு ஆடுகள் செத்துக் கிடந்தன. முதல் நாள் சாயங்காலம் வரை நன்றாக மேய்ந்த ஆடுகள். உடனே தளிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கால்நடை மருத்துவரைக் கூட்டிவந்தேன். அவர் ஒரு ஆட்டின் வயிற்றைக் கீறிப் பார்த்துவிட்டு, “துள்ளுமாரி மாதிரி இருக்குதுங்க. மழைக்கு முளைச்ச இளம்புல்லை வயிறு முட்ட மேஞ்சிருக்கும். மழைக்கு முன்னாடியே ஊசி போட்டிருக்கணும்” என்றார். மிச்சமிருந்த ஆடுகளைக் காப்பாற்றிக்கொண்டோம். அதற்குப் பிறகு மழைக்காலத்துக்கு முன்னால் தடுப்பூசி போட நான் தவறியதில்லை.

இந்தப் பத்திரிகை கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது கேள்வி-பதில் பக்கத்தைத்தான். ‘தக்காளிச் செடி திடீரென்று வாடிச் சாகிறது, என்ன காரணம்?’, ‘கன்று பிறந்த பத்தாம் நாள் கழிந்து செத்துவிட்டது, ஏன்?’ என்றெல்லாம் கேட்டு எழுதுகிறோம். காரணம் தெரிந்தால் அடுத்த செடியை, அடுத்த கன்றைக் காப்பாற்றலாம். விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2014 தை மாதம் என் அப்பா செத்தபோது மட்டும் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எங்கள் ஊர் தளியிலிருந்து ஜவளகிரி போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நாலு ஏக்கர் நிலம். ராகி, கொள்ளு, போரில் தண்ணீர் வருகிற வரைக்கும் தக்காளி, கோஸ். அன்றைக்கு ராகிக் கட்டுகளைக் களத்தில் அடுக்கிக்கொண்டிருந்தோம். காலை ஏழு மணி இருக்கும், பனி விலகவில்லை. அப்பா கட்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்து ஒழுகியது. “நெஞ்சை அடைக்குதுடா. இடது கை கடுக்குது. வாயுன்னு நினைக்கிறேன்” என்றார்.

அம்மா ஓமம் கொதிக்கவைத்துக் கொடுத்தார். சோடா வாங்க ஆள் அனுப்பினோம். ஒரு மணி நேரம் போனது. பக்கத்தில் ஊசி போடுகிற ஒருவரிடம் கூட்டிப்போனோம். ‘கேஸ்தான்’ என்று ஒரு ஊசி போட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்து இன்னொரு மணி நேரம். அப்புறம் தக்காளி ஏற்றுகிற டெம்போவில் படுக்கவைத்து ஓசூருக்குக் கிளம்பினோம். இருபத்தைந்து கிலோமீட்டர். பாதி வழியில், என் கையைப் பிடித்திருந்த அவர் கை தளர்ந்துவிட்டது. 108ஐக் கூப்பிடலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கு வயது 61.

பத்து நாள் கழித்து இறப்பைப் பதியக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவர், “என்னாத்துல செத்தாரு?” என்று கேட்டார்.

“வயசாயிடுச்சுங்க” என்றேன்.

ராகிக் கட்டு தூக்கிக்கொண்டிருந்த மனிதர். அவரை வயசாகிச் செத்தவராக அரசாங்கக் கணக்கில் ஏற்றியவன் நான்தான். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அப்போது எனக்குத் தோன்றிய பதில் அது ஒன்றுதான்.

படையல் நோட்டு

எங்கள் வீட்டில் மகாளய அமாவாசைக்குப் பெரியவர்களுக்குப் படையல் போடுவோம். புது வேட்டி, சேலை, ராகிக் களி, வடை, செத்தவர்களுக்குப் பிடித்த பதார்த்தம் எல்லாம் வைப்போம். அப்பாவுக்கு ஒரு பீடிக் கட்டும் உண்டு. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கும்பிட வேண்டும். அம்மாவுக்கு இப்போது ஞாபகம் தப்புகிறது என்பதால், போன புரட்டாசியில் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். கல்லூரியில் படிக்கிற என் மகள் பக்கத்தில் இருந்தாள். “வெறும் பேரு மட்டும் எதுக்குப்பா? எப்படி இறந்தாங்கன்னும் எழுதுங்க” என்றாள்.

மொத்தம் பதிமூன்று பேர் வந்தார்கள்.

முதல் நான்கு பேருக்குச் சரியான பெயர்கூட இல்லை. என் பாட்டி பெற்ற ஒன்பதில் ஐந்து வயதுக்குள் போன குழந்தைகள். இரண்டு காய்ச்சலில், ஒன்று பேதியில், ஒன்று அம்மையில். தாத்தா காசநோயில் போனார், ஐம்பது வயதில். பாட்டி எண்பதைத் தாண்டி, நிஜமாகவே வயதாகித்தான் போனார்.

அடுத்த தலைமுறைக்கு வந்தால் நோய்களின் பெயரே மாறிவிடுகிறது. பெரியப்பா பக்கவாதத்தில். அப்பா நெஞ்சுவலியில். அத்தை சர்க்கரை முற்றி, சிறுநீரகம் கெட்டு, பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில். மாமா வாயில் புற்றுநோய் வந்து. முப்பது வருடம் புகையிலை அடக்கியவர். சித்தப்பா பாம்பு கடித்து. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், 31 வயதில் ஓசூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு பைக்கில் வரும்போது.

கடைசிப் பெயர் சித்தப்பா மகனுடையது. 24 வயது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அவனுக்கு வயித்துவலின்னு எழுது” என்றார். மகள் என்னைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கும் தெரியும். தக்காளி விலை விழுந்து, வாங்கின கடன் கழுத்தை நெரித்த வருடம் அது.

நான் உடனே எழுதவில்லை. வயிற்றுவலி என்று எழுதினால் அந்தப் பையன் எதனால் செத்தான் என்று நாளைக்கு யாருக்கும் தெரியாமல் போகும். அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளதையே எழுதினேன்.

வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

எங்கள் நோட்டைப் பார்த்த மகள் தன் செல்போனில் நாட்டுக் கணக்கைத் தேடிக் காட்டினாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

1971ல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2023ல் அது 25. தமிழ்நாட்டில் ஏறக்குறைய அதிலும் பாதி. 1970-75ல் ஒரு இந்தியரின் சராசரி ஆயுள் 49.7 வருடம், இப்போது 70ஐத் தொட்டிருக்கிறது. பெரியம்மை 1975க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. தடுப்பூசி, குடிநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாக வந்து குழந்தைகளைக் காப்பாற்றின. என் பாட்டி நான்கு குழந்தைகளைப் புதைத்தார். என் மனைவி ஒன்றையும் இழக்கவில்லை.

குழந்தையில் தப்பிப் பிழைத்தவர்கள் வளர்ந்து நடுவயதுக்கு வருகிறார்கள். அங்கே வேறு நோய்கள் காத்திருக்கின்றன. இருதய நோய், பக்கவாதம், சர்க்கரை, புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவற்றைத் தொற்றா நோய்கள் என்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து 2017ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1990ல் நூறு சாவில் 38 சாவுக்குத்தான் இவை காரணம். 2016ல் அது கிட்டத்தட்ட 62. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் வேறு முறையில் எடுத்த 2021-23 கணக்கில் 56.7. இரண்டு கணக்கும் காட்டுகிற திசை ஒன்றுதான். அந்த இரண்டாவது கணக்கில் இருதயமும் ரத்தக் குழாய்களும் சம்பந்தப்பட்ட நோய்கள் மட்டும் நூற்றுக்கு 31. என் அப்பாவும் பெரியப்பாவும் அந்த 31க்குள் வருகிறவர்கள்.

அதே அறிக்கையில் இன்னொரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. 15 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் தற்கொலை.

இந்தக் கணக்கையெல்லாம் எப்படி எடுக்கிறார்கள் என்றும் பார்த்தோம். 2020ல் நாட்டில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்தது நூற்றுக்கு 22.5 மட்டுமே. மீதியெல்லாம் வீட்டில், வழியில், ‘வயசாயிடுச்சு’ என்று பதிவாகிறவை. அதனால் மாதிரிப் பதிவுத் திட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்க சில ஊர்களைத் தேர்ந்தெடுத்து, சாவு நடந்த வீட்டுக்குப் போய், ‘கடைசி நாளில் என்ன செய்தது? வேர்த்ததா? மூச்சு வாங்கியதா? கை கால் இழுத்துக்கொண்டதா? பீடி குடிப்பாரா?’ என்று விசாரித்து எழுதுவார்கள். அதை மருத்துவர்கள் படித்துப் பார்த்துக் காரணத்தை முடிவு செய்வார்கள். ஆட்டுக்கு வயிற்றைக் கீறிப் பார்க்கிற மாதிரி, இங்கே வீட்டாரின் ஞாபகத்தைக் கீறிப் பார்க்கிறார்கள். வீட்டார் வயிற்றுவலி என்று சொன்னால், பல சமயம் வயிற்றுவலியாகவே நின்றுவிடும்.

யானைக்குக் காவல் போனவர்

எங்கள் பக்கம் சாவு என்றால் முதலில் பேசுவது யானையைப் பற்றித்தான். ஐப்பசி, கார்த்திகையில் ராகி பால் பிடிக்கிற நேரத்துக்குப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கும். தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் எத்தனையோ பேரை இழந்திருக்கிறோம். அந்த வேதனையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் யானையால் நாடு முழுவதும் வருடத்துக்கு இறப்பவர்கள் ஐந்நூறு, அறுநூறு பேர். பாம்பு கடித்து இறப்பவர்கள் சராசரியாக 58,000 பேர். அதாவது நூறு மடங்கு.

இந்த 58,000 என்ற எண்ணும் வீடு வீடாக விசாரித்ததால்தான் தெரியவந்தது. டாக்டர் பிரபாத் ஜாவின் குழுவினர் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தோடு சேர்ந்து லட்சக்கணக்கான சாவுகளை விசாரித்தார்கள். 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்தவர்கள். ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் இவர்கள் இருந்ததே தெரிந்திருக்காது.

என் சித்தப்பா அப்படித்தான் போனார். யானைக்குக் காவலாக ராகிக் காட்டில் குடிசை போட்டு, தரையில் படுத்திருந்தார். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்து வீட்டுக்கு வந்தார். கடிவாயே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கண் இமை தொங்கியது, பேச்சுக் குழறியது. யாரோ காற்று கருப்பு என்றார்கள். மந்திரிக்கக் கூட்டிப்போனோம். கட்டுவிரியன் கடித்தால் இப்படித்தான் இருக்கும், வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும் என்று பல வருடம் கழித்து ஒரு மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இப்போது எங்கள் காவல் குடிசையில் கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும் இல்லாமல் யாரையும் படுக்க விடுவதில்லை.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியாரோ அரசோ, எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் கடிபட்டு வந்தவர்களைக் கணக்குக் கொடுக்க வேண்டும். எந்த ஊரில் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் அந்த ஊருக்கு எத்தனை விஷமுறிவு ஊசி வேண்டும் என்று தெரியும்.

தம்பிப் பையன் விஷயத்திலும் எனக்கு ஒன்று பிடிபட்டது. இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலை மிக அதிகமாக இருந்தது. கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது வருடத்தில் தற்கொலை விகிதம் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் குறைந்தது. விளைச்சலும் குறையவில்லை. அந்த நேரத்து வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கைக்கு எட்டுகிற இடத்தில் விஷம் இல்லையென்றால் ஆள் பிழைத்துக்கொள்வான். எங்கள் வீட்டில் மருந்து டப்பாக்கள் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தன. இப்போது தேவைக்கு மட்டும் வாங்குகிறோம், மோட்டார் ரூமில் பூட்டிவைக்கிறோம், சாவி அம்மாவிடம். மனசு தாங்காத நேரத்தில் பேச 14416 என்ற இலவச எண் இருக்கிறது. இரவிலும் எடுக்கிறார்கள். இந்த எண்ணை மோட்டார் ரூம் கதவில் பெயிண்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

குழாயில் பிரஷர்

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிற திட்டம். 2024ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. அதெல்லாம் செய்தியில் பார்த்ததுதான். எங்கள் வீட்டுக்கு அந்தத் தன்னார்வலர் அக்கா முதல் தடவை வந்தபோது நான் வாசலிலேயே மறித்தேன்.

“எனக்கு ஒண்ணும் இல்லக்கா. ராகிக் களி சாப்பிடற உடம்பு. அம்மாவுக்கு வேணா பாருங்க.”

அம்மாவுக்குப் பார்த்துவிட்டுக் கருவியை மடக்கியவர், “உங்க அப்பா எப்படிப்பா போனாரு?” என்று கேட்டார்.

அன்றைக்கும் ‘வயசாயிடுச்சு’ என்றுதான் வாயில் வந்தது. அம்மா முந்திக்கொண்டு நடந்ததைச் சொன்னார். வேர்த்தது, கை கடுத்தது, ஓமம் கொடுத்தது எல்லாம். அக்கா கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றினார். 168க்கு 104.

தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. தளி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறு வேறு நாளில் இரண்டு தடவை பார்த்தார்கள். அப்படியேதான் இருந்தது. அங்கே இருந்த மருத்துவரிடம், “ஒரு தொந்தரவும் இல்லாம எப்படிங்க நோய்?” என்று கேட்டேன். அவர், “சொட்டுநீர் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். போட்டிருக்கிறேன் என்றேன். “மோட்டார் பிரஷர் அதிகமாப் போனா பைப் அன்னிக்கே வெடிக்குதா? ஓடிக்கிட்டேதான் இருக்கும். இணைப்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தளர்ந்து ஒரு நாள் எங்கயாவது பிய்ச்சுக்கும். மூளையில பிய்ச்சுக்கிட்டா பக்கவாதம். இருதயத்துல அடைச்சுக்கிட்டா உங்க அப்பாவுக்கு வந்தது” என்றார்.

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். ஊறுகாய், கருவாடு குறைந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். எங்கள் வீட்டில் அதைவிட நிறையப் போய்க்கொண்டிருந்தது. பீடியை விட்டு மூன்று வருடம். இப்போது 130க்கு 84. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 24 பேருக்கும் பெண்களில் 21 பேருக்கும் ரத்த அழுத்தம் அதிகம். நம் ஊர்த் திண்ணையில் நான்கு ஆண்கள் உட்கார்ந்தால் ஒருவர்.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். வயது 44. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, லீவு நாளில் நிலத்தில் வேலை. அப்பாவைப் போலவே உடம்பு வாகு, அப்பாவைப் போலவே பீடி. கை நீட்ட மாட்டேன் என்கிறான். நோட்டைக் காட்டினேன். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்ணா’ என்றான். படையல் முடிந்ததும் அப்பாவுக்கு வைத்த பீடிக் கட்டை அவன்தான் எடுத்துக்கொண்டு போனான். புரட்டாசி போய், அடுத்த வாரம் எத்தனையோ வந்துவிட்டது.

நான்கு கேள்விகள்

நோட்டு எழுதிய கதை ஊரில் பரவியதும் பலர் வந்து கேட்டார்கள். அவர்கள் கேட்டதையும், தெரிந்தவர்களிடம் விசாரித்து நான் சொன்னதையும் இங்கே தருகிறேன்.

கேள்வி: நெஞ்சுவலியா, வாயுவா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வீட்டில் கண்டுபிடிக்க முடியாது, இ.சி.ஜி. எடுத்தால்தான் தெரியும். நெஞ்சு அடைப்பு, வேர்வை, கை அல்லது தாடைக்குப் பரவுகிற வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் இருதயம் என்றே வைத்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சுத் திணறலுமாகக்கூட வரலாம். 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். எங்கள் அப்பா காலத்தில் இது இல்லை. நாங்கள் ஓமத்துக்கும் சோடாவுக்கும் செலவழித்த நேரம்தான் அவருடைய நேரம்.

கேள்வி: பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்வது?

பதில்: கடித்த கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல், விஷமுறிவு ஊசி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. பாம்பைத் தேடி அடிக்க நேரம் செலவிட வேண்டாம். மோதிரம், கொலுசு, கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள். காட்டிலிருந்து வந்து காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது, இமை சொருகுகிறது என்றால் கடிவாய் தெரியாவிட்டாலும் பாம்பாக இருக்கலாம்.

கேள்வி: எங்கள் சொந்தக்காரர் பெங்களூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். எங்கே பதிவது?

பதில்: எந்த ஊரில் உயிர் போனதோ அந்த ஊரில்தான் பதிய வேண்டும். எங்கள் அத்தையின் சாவு கர்நாடகக் கணக்கில்தான் இருக்கிறது. கிளம்பும் முன்பே ஆஸ்பத்திரியில் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அலைய வேண்டியிருக்கும். வீட்டில் இறந்தால் நம் கிராம நிர்வாக அலுவலரிடம். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டினால் மேலதிகாரியின் உத்தரவு வேண்டும். 2023ல் திருத்திய சட்டப்படி, ஆஸ்பத்திரியில் இறந்தால் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவர் முதலில் கேட்பது, ‘அப்பா அம்மாவுக்கு என்ன இருந்தது?’ என்றுதான். பதிகிற இடத்தில் காரணம் கேட்டால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 44 வயது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. எதற்குப் பரிசோதனை?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டது என் தம்பி. அவனும் இந்தப் பத்திரிகையை வாங்குகிறான். கட்டுரையெல்லாம் படிக்க மாட்டான், கேள்வி-பதிலை மட்டும் படிப்பான். அதனால்தான் இதைக் கேள்வி-பதிலாக எழுதுகிறேன். தம்பி, ஆட்டுக்கு மழை வருவதற்கு முன்னாலேயே ஊசி போடுகிறோம், அதுவும் உன் கையால்தான் பிடிக்கிறாய். அப்பா 61ல் போனார், பெரியப்பா 66ல். எனக்கு 46 வயதில் பிரஷர் தெரிந்தது. உனக்கு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம் ஆகும், காசு கிடையாது. அந்த அக்கா வியாழக்கிழமை நம் தெருவுக்கு வருகிறார். நீ அந்த வாரம் செகண்ட் ஷிப்ட், காலையில் வீட்டில்தான் இருப்பாய். நானும் வருகிறேன்.